சைக்கிள் கேள்விக்கு மனப்பாடப் பதில் ஏன் எடுபடுவதில்லை?

வாசகர் கேள்வி: வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.-இன் பேச்சுத் தேர்வில், முதல் பகுதியில் சைக்கிள் பற்றிக் கேட்டார்கள். பயிற்சி மையத்தில் எழுதிக் கொடுத்த பதிலை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். சுற்றுச்சூழல், உடல்நலம், போக்குவரத்து நெரிசல் எல்லாம் அதில் இருந்தன. ஆனாலும் பேச்சுக்கு 9-க்கு 5.5 தான் வந்தது. எனக்கு 6.5 தேவை. உண்மையில் எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. அடுத்த முறை என்ன சொன்னால் மதிப்பெண் கூடும்?

பதில்: ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னதுதான் சிக்கல். தேர்வாளர் இந்த வகைப் பதில்களை நாள் முழுக்கக் கேட்கிறவர். மனப்பாடப் பதில் ஒரே வேகத்தில் ஓடும். மூச்சு விடும் இடம் பொருளோடு ஒட்டாது. அடுத்து ஒரு சின்னத் துணைக்கேள்வி வந்ததும் வேகம் பாதியாகக் குறைந்து, இலக்கணம் சரியும். அந்த இடத்தில்தான் உங்கள் உண்மையான நிலை எது என்று அவருக்குத் தெரிகிறது. மனப்பாட வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் கணக்கில் சேராது.

இந்தத் தேர்வில் நான்கு விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள்: தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. சைக்கிள் நல்லதா, உலகைக் காப்பாற்றுமா என்ற உங்கள் கருத்துக்கு மதிப்பெண் கிடையாது. அதனால் பெரிய கருத்தைத் தேடி ஓடாதீர்கள். கேட்ட கேள்விக்கு உங்கள் வாழ்க்கையிலிருந்து இரண்டு மூன்று வாக்கியம் சொன்னாலே முதல் பகுதிக்குப் போதும்.

முதல் பகுதியில் சைக்கிள் பற்றி என்ன கேட்பார்கள் என்று பாருங்கள். சின்ன வயதில் உங்களிடம் சைக்கிள் இருந்ததா? இப்போது ஓட்டுகிறீர்களா? குழந்தைகள் ஓட்டக் கற்க வேண்டுமா? கேள்வி கடந்த காலத்தில் வந்தால் பதிலும் கடந்த காலத்தில் போக வேண்டும். நீங்கள் மனப்பாடம் செய்த சுற்றுச்சூழல் பதில் நிகழ்காலத்தில் இருக்கிறது. 'சின்ன வயதில் இருந்ததா' என்ற கேள்விக்கு அதைச் சொன்னால் பதில் கேள்வியில் ஒட்டாது. தமிழ் பேசுகிறவர்கள் அடிக்கடி விழும் குழியும் இங்கேதான் இருக்கிறது. 'ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்' என்பார்கள். 'ஐ ஹேவ்' என்றால் போதும். பழைய பழக்கத்தைச் சொல்ல 'யூஸ்ட் டு' என்ற ஓர் அமைப்பு போதும். 'ஐ யூஸ்ட் டு ரைட் டு ஸ்கூல்' என்பது சாதாரண வாக்கியம்தான், ஆனால் சரியான இடத்தில் வந்தால் நிறைய வேலை செய்யும்.

சொல்வளம் என்றால் அகராதியில் தேடி எடுத்த பெரிய வார்த்தை என்று பலர் நினைக்கிறார்கள். சைக்கிளோடு இயல்பாக வரும் சொற்கூட்டங்களைக் கற்பது அதைவிட நல்லது. டயருக்குக் காற்றடிப்பது 'பம்ப் அப் த டயர்ஸ்'. செயின் கழன்றால் 'த செயின் கேம் ஆஃப்'. மேட்டில் இறங்கித் தள்ளுவது 'கெட் ஆஃப் அண்ட் புஷ்'. இவை சின்ன வார்த்தைகள்தான், ஆனால் சேர்கிற விதத்தில்தான் ஆங்கிலம் தெரிந்தவர் பேச்சு என்பது புலப்படும்.

அப்புறம் உச்சரிப்பு. 'பைசைக்கிள்' என்று நடுவில் 'சை' போட்டுச் சொல்வது மிகவும் பரவலான தவறு. 'பைசிக்கிள்' என்று, முதல் அசையில் அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும். 'மோட்டார்சைக்கிள்' என்பதில் மட்டும் 'சை' சரி. அடுத்தது 'பைக்'. நாம் மோட்டார் வண்டிக்குச் சொல்கிறோம், ஆனால் சைக்கிள் பற்றிய கேள்வியில் தேர்வாளர் அந்தச் சொல்லைச் சைக்கிள் என்றே எடுத்துக்கொள்வார். உங்கள் மோட்டார் பைக்கைப் பற்றிப் பேசப் போனால் குழப்பம் வரும். அங்கே 'மோட்டார்பைக்' என்று முழுதாகச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன்: சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் என்ன செய்வது? 'இல்லை' என்று சொன்னால் பேச விஷயமில்லாமல் போய்விடும், மதிப்பெண் குறையும் என்று பயிற்சி மையத்தில் பயமுறுத்தியிருப்பார்கள். உண்மை அது இல்லை. 'நோ, ஐ நெவர் லேர்ன்ட் டு ரைட் ஒன்' என்பது முழுமையான, சரியான பதில். அதை அங்கேயே நிறுத்தாமல் காரணத்தைச் சேருங்கள். வீட்டில் ஒரே சைக்கிள்தான் இருந்தது என்று சொல்லலாம், விழுந்துவிடுவோம் என்ற பயம் என்று சொல்லலாம், சாலையில் வண்டிகள் அதிகம் என்று சொல்லலாம். யாராவது உங்களைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போயிருந்தால் இன்னும் நல்லது: 'மை சிஸ்டர் யூஸ்ட் டு டேக் மீ டு ஸ்கூல் ஆன் த பேக் ஆஃப் ஹெர் பைசிக்கிள்.' பாருங்கள், ஓட்டத் தெரியாதவர் வாயிலிருந்தே கடந்த காலப் பழக்கம் வந்துவிட்டது. அடுத்து, 'இஃப் தேர் வர் எ சேஃப் லேன், ஐ வுட் கிவ் இட் எ ட்ரை' என்று முடித்தால் நிபந்தனை வாக்கியமும் வந்துவிட்டது. ஓட்டத் தெரிந்தவர் சொல்லும் 'தினமும் ஓட்டுகிறேன், உடம்புக்கு நல்லது' என்ற பதிலைவிட இதில் இலக்கணம் அதிகம். பொய் சொல்வதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. 'எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்' என்று அடுத்துக் கேட்டால் மனம் கதை கட்டுவதில் போய், வாக்கியம் உடையும். பொய்க்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை, நீங்கள்தான் தடுமாறுவீர்கள்.

மூன்றாம் பகுதியில் சைக்கிள் பாதை அமைப்பது அரசின் கடமையா என்பது போல் பொதுவாகக் கேட்பார்கள். அங்கே ஒரு காரணம், ஓர் எடுத்துக்காட்டு என்று போங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லுமாறு கேட்கலாம்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது. 'இந்த மாதக் கேள்விகள் எங்களிடம் இருக்கின்றன, சைக்கிள் தலைப்புக்கு 7 பேண்ட் (இந்தத் தேர்வின் மதிப்பெண்) விடை தயார்' என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பணம் கேட்பவர்களிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்ன தலைப்புகளைத்தான் அவர்கள் தொகுத்து விற்கிறார்கள். தலைப்பு பொருந்தினாலும் அந்த விடை உங்களைக் காப்பாற்றாது என்பதற்கு உங்கள் 5.5 சாட்சி. ஒரே விடையை வாங்கிய பலரை ஒரே தேர்வாளர் கேட்கிறார் என்பதையும் யோசியுங்கள். 'தேர்வே எழுத வேண்டாம், சான்றிதழ் வாங்கித் தருகிறோம்' என்கிற தரகர் இன்னும் மோசம். மதிப்பெண்ணை ஏற்கும் பல்கலைக்கழகங்களும் அலுவலகங்களும் இணையத்திலேயே சரிபார்க்கும். பிடிபட்டால் பணம் போவதோடு நிற்காது, சேர்க்கையும் விசாவும் சேர்ந்தே போகும். 'இத்தனை பேண்ட் உறுதி' என்று எழுதிக் கொடுக்கும் மையத்தையும் நம்ப வேண்டாம். மதிப்பெண் போடுகிறவர் அவர்கள் கையில் இல்லை.

இந்தத் தரகர்கள் செழிப்பதற்குத் தேர்வு முறையும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 11 முதல் 14 நிமிடப் பேச்சுக்குப் பிறகு உங்களுக்குக் கிடைப்பது ஒரே எண். உச்சரிப்பில் குறைந்ததா, இலக்கணத்தில் குறைந்ததா என்று சான்றிதழில் ஒரு வரிகூட இருக்காது. இவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு, நான்கு பிரிவிலும் தனித்தனியே எவ்வளவு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? எங்கே தவறினோம் என்று தெரியாததால்தான் மக்கள் மாதிரி விடையை வாங்கப் போகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பேன். மனப்பாடப் பதிவை வேறொரு மூத்த தேர்வாளர் கேட்டாலும் ஒரு பேண்ட் கூடும் என்று எதிர்பார்ப்பது வீண். தேர்வைக் கணினி முறையில் எழுதியிருந்தால், முதல் தேர்வு நாளிலிருந்து 60 நாளுக்குள் பேச்சுப் பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வாய்ப்பு இருக்கிறது. எல்லா மையங்களிலும் அது கிடையாது, எல்லாப் பல்கலைக்கழகங்களும் அந்த மதிப்பெண்ணை ஏற்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள். அதுவரை தினமும் ஒரு சாதாரணக் கேள்வியை எடுத்து, எதையும் எழுதி வைக்காமல், அரை நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்து, காலம் மாறிய இடங்களை மட்டும் குறித்து வாருங்கள்.