தமிழ்நாட்டில் என்னென்ன மரங்கொத்திகளைப் பார்க்கலாம்? அவற்றை இனம் பிரிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஒரு டஜன் வகைக்குக் குறையாமல் மரங்கொத்திகள் இருக்கின்றன. பறவைப் புத்தகத்தைத் திறந்ததும் எல்லாமே ஒரே மாதிரி தெரிந்து மலைப்பாக இருக்கும். என் அனுபவத்தில் சொல்கிறேன், நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த மரத்தில், எந்த உயரத்தில், என்ன தின்றுகொண்டிருக்கிறது என்று முதலில் கவனியுங்கள். ஒவ்வொரு வகைக்கும் அதற்கென்று ஒரு மரம், ஒரு பிழைப்பு உண்டு. அது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வோம். கொண்டையை விரித்தும் மடக்கியும், நீண்டு வளைந்த அலகால் புல்தரையைக் குத்திக்கொண்டும் நடக்கும் பறவையைப் பலரும் மரங்கொத்தி என்கிறார்கள். அது கொண்டலாத்தி, வேறு குடும்பம். அதேபோல, வெயில் நேரத்தில் ஆலமரத்திலிருந்து விடாமல் 'டுக் டுக் டுக்' என்று கேட்பது மரத்தைக் கொத்தும் சத்தம் அல்ல. செம்மார்புக் குக்குறுவான் தொண்டையிலிருந்து எழுப்பும் குரல் அது.

சரி, ஊருக்குள்ளிருந்தே தொடங்கலாம். நான் பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் தென்னந்தோப்புகளில் தினமும் பார்ப்பது பொன்முதுகு மரங்கொத்தி. சென்னை, மதுரை என்று பெரிய மரங்கள் உள்ள எந்த ஊரிலும் இருக்கும். பறக்கும்போது கடகடவென்று சிரிப்பதுபோல் குரல் கொடுக்கும், மேலும் கீழுமாக அலையலையாகப் போகும். மரத்தில் ஒட்டியதும் நம்மைக் கண்டுகொண்டால் சட்டென்று தண்டின் மறுபக்கம் போய்விடும். துரத்திக்கொண்டு சுற்றாமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும், அப்புறம் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அப்போது தொண்டையைப் பாருங்கள்: கருப்பில் வெள்ளைப் புள்ளிகள். உச்சி முழுக்கச் சிவப்பு என்றால் ஆண். நெற்றியில் கருப்பும் வெள்ளைப் புள்ளியும், பின்கொண்டை மட்டும் சிவப்பு என்றால் பெண். வாலையும் கவனியுங்கள். விறைப்பான அந்த இறகுகளை மரத்தில் ஊன்றி, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று விரல்களைப் பதித்து, மூன்றாவது கால் வைத்ததுபோல் உட்காரும்.

வறண்ட பக்கம், கருவேல மரங்கள் நிற்கும் கரிசல் காடு என்றால் மஞ்சள் உச்சி மரங்கொத்தியைத் தேடுங்கள். உடம்பெல்லாம் கருப்பு வெள்ளைப் புள்ளி, மைனாவைவிடச் சின்னது. சிட்டுக்குருவி அளவே இருக்கும் குட்டி மரங்கொத்தி, பெரிய தண்டுகளை விட்டுவிட்டு விரல் தடிமன் குச்சிகளில் வேலை செய்யும். கிளை நுனியில் எதையோ தட்டும் மெல்லிய சத்தம் கேட்டால் அதுவாக இருக்கலாம்.

மலையடிவாரத்துக்குப் போனால்தான் உண்மையான விருந்து. முதுமலைச் சாலையோரம் கரையான் புற்றருகே தரையில் இறங்கித் தின்னும் பச்சை மரங்கொத்தியைப் பார்க்கலாம். தொண்டையில் கோடுகளும் வயிற்றில் செதில் போன்ற கோலமும் இருக்கும். ஈரக்காட்டுக்குள் மற்ற சின்னப் பறவைகளின் கூட்டத்தோடு சேர்ந்து வரும் பச்சை மரங்கொத்தி வேறு, அதற்குப் பின்கொண்டை மஞ்சள்.

எனக்கு மிகவும் பிடித்தது செம்பழுப்பு மரங்கொத்தி. பார்க்கச் சாதாரணம்தான், உடம்பு முழுக்கக் காவி நிறம், இறக்கையில் கருப்புக் குறுக்குக் கோடுகள். ஆனால் அதன் வாழ்க்கை வேறு எதற்கும் வாய்க்காதது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு வகைக் கருப்பு எறும்பு, கிளைகளில் பழுப்பு நிறத்தில் பெரிய உருண்டைக் கூடு கட்டும். எறும்புகள் குடியிருக்கும்போதே அந்த உருண்டையைக் குடைந்து இந்தப் பறவை முட்டையிடும். எறும்புதான் அதற்கு முக்கிய உணவும். அருகில் பார்க்கக் கிடைத்தால் தலையும் வாலும் பிசுபிசுவென்று அழுக்கேறித் தெரியும், எல்லாம் எறும்பின் பசை. அது மரத்தில் தட்டும் தாளமும் தனி: வேகமாகத் தொடங்கி, பெட்ரோல் தீர்ந்த மோட்டார் சைக்கிள் நிற்பதுபோல் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு முடியும். ஒருமுறை கேட்டால் மறக்காது.

டாப்ஸ்லிப்பில் எல்லோரும் தேடுவது வெள்ளை வயிற்றுக் கரு மரங்கொத்தி. ஒன்றரை அடிக்கும் மேல் நீளம், மேலெல்லாம் கருப்பு, தலையில் சுடர்விடும் சிவப்பு. பெரிய, பட்டுப்போன மரங்கள் நிற்கும் காட்டில்தான் இதற்குப் பிழைப்பு. காலையில் ஓங்கி ஒற்றைக் குரல் கொடுத்தால் காடே திரும்பிப் பார்க்கும். இதற்கு நேர்மாறு இதயப்புள்ளி மரங்கொத்தி. உருவம் சின்னது, கொண்டை பெரியது, வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். மர உச்சியிலேயே திரிவதால் கழுத்து வலிக்கும், பரவாயில்லை. இறக்கையில் இதய வடிவக் கரும்புள்ளிகளைப் பார்த்துவிட்டால் வலி மறந்துபோகும்.

குழப்புவது பொன்முதுகுக்காரர்கள்தான், மேற்குத் தொடர்ச்சி மலையில் பல வகை உண்டு. முதுகைப் பார்த்துப் பயனில்லை, முகத்தையும் பிடரியையும் பாருங்கள். கன்னத்துக்குக் கீழே மீசைக்கோடு இரண்டாகப் பிரிந்து நடுவில் வெள்ளை தெரிந்து, பிடரியும் வெள்ளை என்றால் பெரிய வகை. மீசை ஒற்றைக் கோடு, பிடரி கருப்பு என்றால் மூன்று விரல் வகை. வெள்ளைப் பிடரி முதுகின் நடுவரை இறங்கி, இருபுறமும் கருப்பு ஓரம் கட்டியிருந்தால் அது வெள்ளைப் பிடரி மரங்கொத்தி. அதன் பெண்ணுக்கு உச்சி மஞ்சள். ஊருக்குள் பார்க்கும் பொன்முதுகு மரங்கொத்தியின் கதை இலங்கையில் இன்னும் சுவாரசியம். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் நம் ஊரைப் போலவே பொன்முதுகு. தெற்கே போனால் முதுகு சிவப்பு. நடுவில் இரண்டும் கலந்த பறவைகள் தட்டுப்படும்.

போக வேண்டிய காலம், தை முதல் பங்குனி வரை. இலையுதிர் காடுகள் மொட்டையாக நிற்கும், பறவைகளும் எல்லை பிடிக்கவும் இணை தேடவும் தட்டிக்கொண்டே இருக்கும். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். மரத்தடியில் புதிதாக மரச்சிம்புகள் சிதறிக் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள், மேலே பொந்து வெட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும். அப்படிப் பார்த்தால் உடனே தள்ளிப் போய்விடுங்கள். பதிவு செய்த குரலைப் போனில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அது இல்லாத எதிரியைத் தேடியே வீணாக்கும்.

கடைசியாக, தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மரங்கொத்தி வெட்டிவிட்டுப் போன பொந்தில் பிறகு மைனாவும் கிளியும் ஆந்தையும் குடிவரும். அவை பெரும்பாலும் சொந்தமாக மரத்தைக் குடைவதில்லை. பட்டுப்போன தென்னையை விட்டு வைக்கச் சொல்ல மாட்டேன், அதில் காண்டாமிருக வண்டு பெருகி மற்ற மரங்களைக் கெடுக்கும். ஆனால் வேலியோரம் பட்டு நிற்கும் வேம்போ வாகையோ விழுந்தாலும் யார் மேலும் விழாது என்றால், விறகுக்காரரிடம் கொடுத்துவிடாமல் நிற்க விடுங்கள்.