நம்மூரில் 40 டிகிரி வெயிலில் கல்லுடைக்கிறார்கள்; டென்னிஸ் வீரர்கள் மட்டும் ஏன் வெயிலைச் சாக்கு சொல்லிப் பாதி ஆட்டத்தில் விலகுகிறார்கள்? ஷாங்காயில் 30 டிகிரிதானே, அதுக்கே சின்னர் விலகிவிட்டாரே.

கல்லுடைப்பவர்களை நீங்களே இழுத்துவிட்டதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் சித்தப்பா பர்கூர் பக்கம் குவாரியில் இருபது வருஷம் கல்லுடைத்தவர். சித்திரை, வைகாசியில் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவது விடிகாலை நாலு மணிக்கு. பத்து, பத்தரைக்கெல்லாம் உளியைக் கீழே வைத்துவிடுவார். கறுப்புப் பாறை ஒருதரம் சூடேறிவிட்டால் மேலிருந்து அடிக்கிற வெயிலைவிடக் கீழிருந்து வருகிற அனல்தான் ஆளைச் சாய்க்கும். அப்புறம் புளியமரத்தடி, தூக்குப்போசியில் கேழ்வரகுக் கூழ், மோர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், ஒரு தூக்கம். மறுபடி உளி எடுப்பது சாயங்காலம் நாலுக்கு மேல்தான். நடுவில் தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுவார். எத்தனை கல்லோ அத்தனை காசு, அதனால் அன்றைக்குக் கூலி குறையும். அவ்வளவுதான்.

ஆக, 40 டிகிரி அடிக்கிற நேரத்தில் என் சித்தப்பா மரத்தடியில் இருந்தார். அப்படி உட்கார வழியில்லாதவர்களும் இருக்கிறார்கள், தார் ரோடு போடுபவர்கள் மாதிரி. அவர்கள் விழத்தான் செய்கிறார்கள். அதற்கு ஸ்கோர்கார்டு கிடையாது என்பதால் நமக்குத் தெரிவதில்லை. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது சும்மா இல்லை.

டென்னிஸ் ஆடுபவருக்கு இந்த வசதி எதுவுமே இல்லை. எத்தனை மணிக்கு இறங்குவது என்பதை அட்டவணையும் டிவியும் முடிவு செய்கின்றன. ஒரு பாயின்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 25 வினாடி. பக்கம் மாறும்போது 90 வினாடி, செட் முடிந்தால் 120. எவ்வளவு வேகமாக ஓடுவது என்பது எதிரில் நிற்பவன் கையில் இருக்கிறது. வெயிலில் வேலை செய்கிற யாரும் வேகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறார்கள். இந்த ஆட்டம் முதலில் பிடுங்கிக்கொள்வதே அதைத்தான்.

இதெல்லாம் எனக்கும் முன்பே தெரிந்திருந்தது என்று நினைக்காதீர்கள். காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். உங்கள் கேள்வியை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், 2014 ஜனவரியில் ஸ்டாஃப் ரூமில் கேட்டுச் சிரித்தவன் நான்.

அந்த ஜனவரியில் மெல்போர்னில் தொடர்ந்து நாலு நாள் 41 டிகிரியைத் தாண்டியது. ஆஸ்திரேலிய ஓபன் நடந்துகொண்டிருந்தது. ஃபிராங்க் டான்செவிச் என்ற கனடாக்காரர் முதல் சுற்றில் ஆடும்போதே மயங்கி விழுந்தார். விழுவதற்கு முன்னால் ஸ்னூப்பி கண்ணுக்குத் தெரிந்ததாகப் பிறகு சொன்னார். ஸ்னூப்பி ஒரு கார்ட்டூன் நாய். முதல் சுற்றில் மட்டும் ஒன்பது பேர் ஆட்டத்தைப் பாதியில் விட்டார்கள். போட்டி மருத்துவரோ, ஆதி மனிதன் ஆப்பிரிக்க வெட்டவெளியில் இதே மாதிரி வெயிலில் எட்டு மணி நேரம் மான் துரத்தியவன்தானே என்கிற ரீதியில் பேசினார். நீங்கள் கல்லுடைப்பவர்களைச் சொல்வது போல அவர் வேட்டைக்காரர்களைச் சொன்னார். எனக்கு அன்றைக்கு அந்த டாக்டர் பேசியதுதான் நியாயமாகப் பட்டது. நாய் தெரிந்ததாம் என்று நான் சொல்ல, கணக்கு சார் மேஜையைத் தட்டிச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அதே வருஷம் ஆகஸ்டில் எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்ட விளையாட்டுப் போட்டி. முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில் மூட்டமாக இருந்து பத்து மணிக்கு மேல் வெளுத்தது. மிஞ்சிப்போனால் 33 டிகிரி இருக்கும். ஆனால் தரையிலிருந்து ஆவி எழும்பியது. காற்று அசையவில்லை. எட்டு மணிக்கு ஓட வேண்டிய 3000 மீட்டர், கொடியசைக்க வர வேண்டியவர் தாமதமானதால் பதினொன்றரைக்குப் போனது. 200 மீட்டர் டிராக், பதினைந்து ரவுண்டு.

எங்கள் பள்ளியிலிருந்து ஒரு ப்ளஸ் ஒன் பையன் ஓடினான். இரண்டு நாளுக்கு முன்னால் அவனுக்குக் காய்ச்சல். எனக்குத் தெரியும். காலையில் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன், லேசாகக் கதகதப்பு இருந்தது. "ஓடுவியாடா?" என்றேன். "ஓடுவேன் சார்" என்றான். அவனுக்குப் பதிலாக ஓட வேண்டிய பையன் ஷூ லேஸ் கட்டித் தயாராகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.

பன்னிரண்டாவது ரவுண்டு வரை இரண்டாவதாக வந்தான். அதற்கப்புறம் கோட்டிலிருந்து விலகி உள்பக்கமாகச் சாய்ந்து ஓட ஆரம்பித்தான். முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு. எல்லைக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் கேட்டைப் பார்த்துப் போனான். "சார், பஸ் வந்துருச்சு" என்றான். அங்கே பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை. "விளையாடாதடா" என்று அதட்டினேன். அப்படியே சரிந்தான்.

சட்டைக்கு மேலேயே கை சுட்டது. வேர்வை நின்றுபோனால்தான் ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவனுக்கு உடம்பெல்லாம் வேர்வை. அதனால் வெறும் மயக்கம் என்று நினைத்துக்கொண்டு கையில் இருந்த தாளால் விசிறிக்கொண்டிருந்தேன். ஒருத்தர் 108-க்குப் போன் போட்டார். இன்னொருத்தர் குளுக்கோஸைப் பிரித்தார். தண்ணி ஊத்தாதீங்க, ஜன்னி கண்டுடும் என்று ஒரு குரல். அப்போது வேலிக்கு அந்தப்பக்கம் தக்காளிக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் உள்ளே வந்தார். பையன் நெற்றியைத் தொட்டார். "என்னா சார் வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க, காலப் புடிங்க" என்றார். நாலு பேராகத் தூக்கிப் பம்புசெட் தொட்டிக்குள் கழுத்தளவு இறக்கினோம். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, புதுத்தண்ணி மேலே விழுந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் பையன் கண் திறந்து தன் ஷூ எங்கே என்று கேட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு நேரம் தண்ணீரில் வைத்திருந்தீர்கள் என்பதுதான். பிறகு விளக்கினார். ஓடுகிறவர்களுக்கு வருகிற வெப்பத்தாக்கில் வேர்வை நிற்க வேண்டும் என்று இல்லை. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சில் குழப்பமும் வந்தால் அதுதான் அறிகுறி. முதலில் குளிர்விக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதற்கப்புறம். பெரியவர் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்தது அதைத்தான். ஸ்னூப்பியை நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்குள் இருக்கிற இன்னொரு விஷயம்: "ஷாங்காயில் 30 டிகிரிதானே, அதுக்கே சின்னர் விலகிவிட்டாரே" என்று எழுதியிருக்கிறீர்கள். வெயில், வெக்கை, புழுக்கம் என்று மூன்று சொல் வைத்திருக்கிற நாமே டிகிரியை மட்டும் பார்த்துப் பேசலாமா? வேர்வை வழிவதால் உடம்பு குளிராது, காய்ந்தால்தான் குளிரும். தர்மபுரி மே மாத வெயிலில் வேர்வை உடனே காய்ந்துவிடும், உப்புதான் சட்டையில் நிற்கும். ஷாங்காயில் 2025 அக்டோபரில் ஈரப்பதம் 80 சதவீதம். வேர்வை காயவே காயாது. சட்டை நனையும், உடம்பு உள்ளே வெந்துகொண்டே இருக்கும். அந்தப் போட்டியில்தான் இத்தாலிக்காரர் சின்னர் மூன்றாவது செட்டில் தொடை இழுத்துக்கொண்டு நடக்க முடியாமல் விலகினார். ஜோகோவிச் ஆட்டத்துக்கு நடுவில் வாந்தி எடுத்தார். டென்மார்க்காரர் ஹோல்கர் ரூனே, கோர்ட்டில் ஒருத்தன் சாக வேண்டுமா என்று கேட்டார். தசைப்பிடிப்புக்குத் தனி மருத்துவ இடைவேளை கிடையாது என்பதும் விதி. பக்கம் மாறுகிற அந்த 90 வினாடிக்குள் தசையை நீவிவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் ஆடு அல்லது விலகு.

புழுக்கத்தையும் சேர்த்து அளக்க ஒரு முறை இருக்கிறது. மூன்று வெப்பமானி. ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும், ஒன்று கறுப்பு உருண்டைக்குள் இருக்கும், மூன்றாவது நிழலில் இருக்கிற சாதாரணமானது. ஈரத்துணிக்கு 70 சதவீதம், உருண்டைக்கு 20, சாதாரணத்துக்கு 10 என்று கணக்குப் போட்டு ஒரு எண் எடுப்பார்கள். ஷாங்காய்க்குப் பிறகு ஆண்கள் தரப்பான ஏ.டி.பி. 2026 முதல் இந்த எண்ணை விதியாக்கியது: 30.1 தொட்டால் இரண்டாவது செட்டுக்குப் பிறகு பத்து நிமிட ஓய்வு கேட்கலாம், 32.2-ஐத் தாண்டினால் ஆட்டம் நிறுத்தம். பெண்கள் தரப்பில் வெப்ப விதி 1992-லிருந்தே இருக்கிறது. ஆண்களுக்கு மட்டும் இத்தனை வருஷம் ஏன் ஆனது? உங்கள் கேள்வியில் இருக்கிற அந்த "ஆம்பளைன்னா தாங்கணும்" தொனிக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

விதி வந்தாலும் சண்டை ஓயாது. 2026 ஆஸ்திரேலிய ஓபனில் இதே சின்னர் கை கால் இழுத்துக்கொண்டு மூன்றாவது செட்டில் பின்தங்கியிருந்தபோது அந்தப் போட்டியின் வெப்ப அளவுகோல் உச்சத்தைத் தொட்டது. கூரை மூடினார்கள், அவர் ஜெயித்தார். பெரிய ஆளுக்கு மட்டும் கூரை என்று முணுமுணுப்பு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. கூரையில்லாத கோர்ட்டில் ஆடுகிறவனுக்கு நிறுத்தம் மட்டும்தான் கிடைக்கும், நிழல் கிடைக்காது.

நடிப்பவர்களே இல்லையா? இருக்கிறார்கள். தோற்கிற நேரம் பார்த்துத் தொடையைப் பிடிப்பவர்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் உண்மையான சிக்கல் அதற்கு நேர்மாறானது. விலக வேண்டியவர்கள் விலகுவதில்லை.

2017 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றாலே 35,000 பவுண்டு. காலில் வலி, காய்ச்சல், எதுவாக இருந்தாலும் கோர்ட்டில் இறங்கி நாலு கேம் ஆடிவிட்டு விலகினால் அந்தப் பணம் வரும். இறங்காமலே விலகினால் வராது. தரவரிசையில் நூறாவது இடத்தில் இருப்பவனுக்கு அது பயிற்சியாளர் சம்பளம், விமான டிக்கெட் எல்லாம். யார்தான் இறங்க மாட்டார்கள்? அந்த வருஷம் ஒரே நாளில் சென்டர் கோர்ட்டில் ஜோகோவிச்சை எதிர்த்தவரும் பாதியில் விட்டார், ஃபெடரரை எதிர்த்தவரும் பாதியில் விட்டார். டிக்கெட் வாங்கினவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 2018-லிருந்து கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய போட்டிகளில் கணக்கு மாறியது. உடம்பு முடியாதவர் முன்கூட்டியே விலகினால் முதல் சுற்றுப் பணத்தில் பாதி அவருக்கு. அவர் இடத்தில் இறங்குகிற 'லக்கி லூசர்', அதாவது தகுதிச் சுற்றில் தோற்றுக் காத்திருப்பவர், மீதிப் பாதியைப் பெறுவார். தகுதியில்லாத உடம்போடு இறங்கினால் அபராதம். ஜெர்மனிக்காரர் மிஷா ஸ்வெரெவ் அந்த ஜனவரியிலேயே 45,000 டாலர் கட்டினார்.

இந்த விதியை முதலில் படித்தபோது ஷூ லேஸ் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டாவது பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். விலகினால் எல்லாம் அவனுக்குப் போய்விடும் என்கிற நிலையில் ஒருத்தனிடம் போய் "ஓடுவியா" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 2021 ஜூலையில், நடுவர் ரஷ்ய வீரர் மெத்வதேவிடம் இதைத்தான் கேட்டார்: ஆட முடியுமா? ஆட்டத்தை முடிக்க முடியும், ஆனால் செத்துப்போகலாம், செத்தால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்றார் அவர். அதே நாள் ஸ்பெயின் வீராங்கனை பவுலா படோசாவைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோனார்கள். மறுநாளிலிருந்து ஆட்டங்கள் மதியம் மூன்று மணிக்குத் தள்ளிப்போயின. வீரர்கள் முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

எங்கள் பள்ளியில் இப்போது நீள ஓட்டமெல்லாம் எட்டு மணிக்கு முன்னால். டிராக் ஓரத்தில் தண்ணீர் நிரப்பின ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் நிற்கும். பிள்ளைகள் அதைப் 'பம்புசெட்' என்பார்கள். மூன்று நாளுக்குள் காய்ச்சல் வந்த பையனை நான் கேட்காமலே பெயரை அடித்துவிடுவேன். அவன் முறைப்பான், பரவாயில்லை.

அந்தப் பையன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். போன மாங்காய் சீசனில் மண்டியில் பார்த்தபோது, அன்றைக்குப் பஸ் பஸ்ஸுன்னு ஓடினியே, ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு சார். பாலக்கோடு வண்டி. கூட்டமே இல்ல."