வயர் எரிக்கும் புகைக்கு மாஸ்க் போதுமா?

கேள்வி: "பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடையில் ராத்திரி வயர் எரிக்கிறார்கள். செல்போனில் காற்றுத் தரம் 40, நல்லது என்றுதான் காட்டுகிறது. மாஸ்க் போட்டால் போதுமா?"

போதாது. முதலில் அந்த 40-ஐ நம்புவதை விடுங்கள். நெல்லைக் காற்று சுத்தம் என்று பட்டியலில் வந்தால் நம் எல்லாருக்கும் பெருமைதான். ஆனால் அந்த எண் நுண்துகள், ஓசோன் என 8 மாசுகளை மட்டும் வைத்துப் போடுகிற கணக்கு. 2009-இல் வந்த தேசியக் காற்றுத் தர வரையறையில் 12 பொருள்கள் உண்டு. வயர் எரிவதில் உண்டாகும் டயாக்சின் என்ற கொடிய நச்சு இரண்டிலும் கிடையாது.

வயரின் மேலுறை பெரும்பாலும் பிவிசி என்கிற பிளாஸ்டிக். கலப்பில்லாத பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரியும்போது அது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக வருகிறது. தொண்டை கமறுவது அதனால்தான். டயாக்சினுக்கு வாடை இல்லை. அதனால் கமறல் நின்றதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். புகை ஆறி 200 முதல் 450 டிகிரிக்குள் இருக்கும்போது கரித்துகளும் குளோரினும் கூடி டயாக்சின் உண்டாகிறது. அந்த வேலையை முடுக்கிவிடுவது செம்பு. வயர் எரிப்பது மற்றக் குப்பையை எரிப்பதைவிடக் கேடு என்று சொல்வது இதனால்தான். தீயின் ஓரம் பச்சையும் நீலமுமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் செம்பும் குளோரினும் சேர்ந்தே எரிகின்றன. டயாக்சினை அழிக்க 850 டிகிரிக்கு மேல் 2 விநாடியாவது நிற்க வேண்டும்; மண்தரையில் போட்டுக் கொளுத்தும் தீயில் அது நடக்காது.

என்95 மாஸ்க் துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. துணி மாஸ்க்கால் பெரிய பயனில்லை. எரிக்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்துங்கள். மார்கழி ராத்திரியில் காற்று அசையாமல் புகை தரையோடு படியும், அப்போது இன்னும் கவனம் வேண்டும்.

ஆனால் மூக்கு வழியாகப் போவது கொஞ்சம்தான். மனிதருக்கு டயாக்சின் 90 சதவீதத்துக்கு மேல் சாப்பாட்டில்தான் சேருகிறது. சாம்பல் மண்ணில் விழும், மண்ணைக் கிளறும் கோழி தின்னும், முட்டைக் கருவின் கொழுப்பில் தங்கும். அப்படியே புல், மாடு, பால். டயாக்சின் தண்ணீரில் கரையாது, காய்ச்சினாலும் போகாது. மனித உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறையவே ஏழு வருடம் போல ஆகும். அதனால் வீட்டில் கோழி வளர்த்தால் எரிக்கிற பக்கம் மேயவிடாதீர்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று வீசும். எரிக்கும் இடத்துக்குக் கிழக்கே இருக்கிற வீடுகளுக்கு இது முக்கியம். கீரையை ஓடும் தண்ணீரில் அலசினால் படிந்த தூசி போகும். வேர் வழியாகப் பெரும்பாலான செடிகள் டயாக்சினை அதிகம் எடுப்பதில்லை, பூசணி இனம் எடுக்கும். அந்த மண்ணில் அதைப் போட வேண்டாம். கருகிய மண்ணைக் காய்ந்தபடி பெருக்காமல், தண்ணீர் தெளித்துச் சுரண்டி அள்ளுங்கள். உரக்குழியில் கொட்டாதீர்கள்.

"பாவம், அவன் பிழைப்பைக் கெடுக்கலாமா?" என்று யாராவது வருவார்கள். கெடுக்கச் சொல்லவில்லை. எரித்த செம்பு கறுத்துப்போகும், உரித்த செம்பைவிட விலை குறைவு. தடி வயரை மத்தியான வெயிலில் போட்டால் உறை இளகும். நீளவாக்கில் கத்தியால் கீறினால் உரிந்து வரும். கையால் சுற்றும் உரிப்பு மெஷினும் கிடைக்கிறது. சிக்கல் சார்ஜர் வயர் மாதிரி மெல்லியதில்தான். அதை உரித்தால் கூலிக்குக் கட்டாது, அதனால்தான் தீ வைக்கிறார்கள். அதைத் தனியாகச் சேர்த்துப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் எரியும் வீடியோ, நேரம், காற்றின் திசை எல்லாவற்றையும் சேர்த்து மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் எழுதுங்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அதையும் குறிப்பிடுங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனது கேட்கவில்லை. பூப்புனித நீராட்டு, கல்யாணம், நினைவஞ்சலி என்று தெருமுனைதோறும் கட்டுகிறோமே ஃபிளெக்ஸ், அதுவும் பிவிசி பூசிய துணிதான். விசேஷம் முடிந்ததும் தொழுவத்துக்குக் கூரையாகிறது. கிழிந்ததும் வெந்நீர் அடுப்பில் ஓலையோடும் சில்லாட்டையோடும் போய்விடுகிறது. அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் விளக்குகிறோம், முருங்கை மூட்டில் கொட்டுகிறோம். வயர்க் கடைக்காரரிடம் பேசப் போகும் முன்னால் நம் வீட்டு அடுப்படியில் என்ன கிடக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.