படம் வரையும்போது வரும் போன்

கேள்வி (சுருக்கம்): வயது 61. கணவர் இல்லை, மகன் சிங்கப்பூரில். 2020-இல் கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பொழுதுபோக்காகச் செடிகொடிகளை வரையத் தொடங்கினேன். இப்போதும் காலையில் பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குப் போய் நாகலிங்கப்பூ வரைகிறேன். வரையும்வரை நிம்மதி. ஆயர் ஈத்தாம் வீட்டுக்குத் திரும்பினால் யாருமற்ற வெறுமை. பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா, முழங்கால் வலிக்காரர், அடிக்கடி போன் செய்வார், வரையும்போது எடுப்பதில்லை. கலையில் இன்னும் ஆழமாகப் போனால் அமைதி கிடைக்குமா?

பதில்: ஆழமாகப் போவது இருக்கட்டும் சகோதரி, முதலில் அந்தப் போனை எடுங்கள்.

இவ்வளவு நீண்ட கடிதத்தில் அக்காவுக்கு ஒரே வரி. நாகலிங்கப்பூவுக்கோ ஒரு முழுப் பக்கம்! அடியில் வட்டமாக நிற்கும் மகரந்தத் தாள்கள் வேறு, நாகம்போல் மேலே கவிந்திருப்பவை வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். சரியான கண்தான். வட்டத்தில் உள்ளதுதான் காய் பிடிக்க உதவும் மகரந்தம். மேலே கவிந்திருப்பது தேனீக்கு வைத்த விருந்து, ஏனென்றால் அந்தப் பூவில் தேன் கிடையாது. ஒரு பூவை இத்தனை நுணுக்கமாகப் பார்ப்பவருக்கு, அக்கா எதற்குக் கூப்பிடுகிறார் என்று மட்டும் யோசிக்கத் தோன்றவில்லையா?

கூடப்பிறந்தவர் அழைக்கும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாருமில்லை என்று எனக்கு எழுதினால் அனுதாபம் வராது. மகன் தூரத்தில் இருப்பது உங்கள் கையில் இல்லை. அக்காவோ, நீங்கள் பெர்ரி படகு ஏறினால் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறார். அன்று அந்த ஆணைக்காகப் போலீஸ் சாலையை மறித்தது, சரி. இன்று யார் மறிப்பது? பழைய மனத்தாங்கல் ஏதாவது இருக்கலாம். எந்தக் குடும்பத்தில் இல்லை? நோவுபட்ட உடன்பிறப்பைப் போய்ப் பார்ப்பது மனசு வந்தால் செய்கிற காரியமல்ல, கடமை. என்னைப் பழங்காலத்து ஆள் என்பார்கள், சொல்லட்டும்.

வரைவதை விட வேண்டாம். அடைபட்டுக் கிடந்த நாட்களில் உங்களைத் தாங்கியது அதுதான். ஆனால் அதே பூங்காவை இப்போது ஒளிந்துகொள்ளும் இடமாக்கிவிட்டீர்கள். அப்படி ஒளிந்தால் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும்.

இந்தச் சனிக்கிழமையே கிளம்புங்கள். முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், அந்த முழங்காலோடு அடுப்படியில் நின்று சமைத்து வைப்பார். இரண்டு பேருக்கும் நாசி கண்டார் சோறும் கறியும் கட்டிக்கொண்டு, வரையும் நோட்டையும் எடுத்துப் போங்கள். பேச்சு வராவிட்டால் வாசலில் கறிவேப்பிலை இருக்கும், அதை வரையுங்கள். கிளை கோணலாக இருக்கிறது என்று அக்காவே ஆரம்பித்துவிடுவார்.