கொத்தமல்லி ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். யு.கே.ஜி. படிக்கும் மகளுக்குப் பள்ளியில் 'செடி புராஜெக்ட்'. பள்ளி வாசலில் ஒருவர் 350 ரூபாய்க்கு விற்ற விதைப் பெட்டியை வாங்கிக் கொத்தமல்லி போட்டோம். 12 நாளாகியும் வரவில்லை. என் கைராசி சரியில்லையா?

பதில்: கைராசியெல்லாம் இல்லை அம்மா. கொத்தமல்லி முளைக்கவே பத்து நாள் பிடிக்கும், கோடை வெயிலில் அதுவும் சந்தேகம். ஓர் உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து இரண்டாக்கித்தான் போடவேண்டும். உடைத்த பருப்பு முளைக்காது என்பார்களே என்று கேட்பீர்கள். துவரையை உடைத்தால் முளைக்கருவே சிதைந்துவிடும். தனியாவில் பிளப்பது மேல்கூடு மட்டும். உள்ளே விதை முழுசாக இருக்கும். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டீர்களானால் ரசப்பொடிதான்.

அந்தப் பெட்டியில் ரோஸ், பச்சை நிறத்தில் விதை இருந்ததா? அது அழகுக்குப் பூசிய சாயம் இல்லை, பூஞ்சண மருந்து கலந்தது. விரல் சூப்பும் வயசில் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. காலாவதித் தேதியும் முளைப்புத்திறனும் அச்சிடாத பொட்டலத்தில் 'ஆர்கானிக்' ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்களிடம் இனி வாங்காதீர்கள். பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமை சர்க்குலர் அனுப்பித் திங்கட்கிழமை செடி கேட்டால் இந்த வியாபாரிகள் வாசலில் நிற்காமல் என்ன செய்வார்கள்? கடைசியில் அப்பா நர்சரியில் வாங்கிவந்த ரோஜாவுக்குத்தான் ஸ்டார் கிடைக்கும்.

சரி, மளிகைக் கடையில் ஒரு பிடி காராமணி வாங்குங்கள். ராத்திரி ஊறவைத்து, கண்ணாடி டம்ளரின் உள்பக்கம் ஈரத்துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விதையைச் செருகுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், விதை தண்ணீரில் மூழ்கினால் அழுகி நாறும். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். ஒரு விதையைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். வேர் வளைந்து கீழேதான் போகும். ஏன் என்று மகள் கேட்டால், 'அதுக்குக் கீழே எதுன்னு தெரியும்' என்று சொல்லுங்கள், இப்போதைக்கு அது போதும்.

அப்புறம் டம்ளரை ஜன்னல் கம்பி ஓரமாக வையுங்கள், தண்டு வெளிச்சத்தின் பக்கம் சாயும். விதையின் இரண்டு பருப்பும் தண்டோடு மேலே வந்து, சில நாளில் சுருங்கி விழும். செடி செத்துப்போச்சு என்று மகள் அழுவாள். அது செடி கட்டிக்கொண்டு வந்த சோறு, தின்று தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். இலை விரிந்ததும் அடியில் ஓட்டை போட்ட தயிர் டப்பாவில் மண் நிரப்பி மாற்றலாம். அடித்தட்டில் மட்டும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசு முட்டையிடும்.