நாகமாச்சி நொமுரா வீட்டுக்குப் போகுமுன்

தம்பி, ஜப்பானின் இஷிகாவா மாநிலத்துக்குப் படிக்க வந்த புதிதில் கனாசவா நகரின் நாகமாச்சிப் பகுதியில் உள்ள நொமுரா சாமுராய் வீட்டை டிசம்பர் விடுமுறையில் பார்க்க விரும்புவதாகவும், எந்தப் பேருந்து, என்ன கட்டணம், அரை மணி நேரம் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோரின்போ நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். கட்டணத்தைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆண்டு முடிவை ஒட்டிச் சில நாள்கள் மூடியிருக்கும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

முதலில் காலுறையைப் பற்றிச் சொல்கிறேன். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும். பழைய ஜப்பானிய வீடுகள் புழுக்கமான கோடையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை என்பதால் டிசம்பரில் அந்த மரத்தரை உள்ளங்கால் வழியாக எலும்பு வரை குளிரேற்றும். நான் வந்திறங்கியது ஒரு ஜனவரியில். "அமைதியான பழைய வீடு" என்று சொல்லி அறை பிடித்துக் கொடுத்த தரகர், சன்னல் இடுக்கில் பனிக்காற்று புகும் என்றோ மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்க வேண்டும் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகவே கிழிசல் இல்லாத தடித்த கம்பளிக் காலுறை அணிந்து செல்லுங்கள். முதுகுப்பையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ஓவியம் தீட்டிய நகர்த்துக் கதவுகளில் அது உரசக் கூடாது. தத்தாமிப் பாயின் துணிக்கரையையும் கதவின் நிலைப்படியையும் மிதிக்காதீர்கள்.

அரை மணி நேரம் போதாது. டோக்கியோவிலிருந்து வார இறுதியில் வரும் நம்மவர்கள் பலர், தங்கத்தாள் ஒட்டிய ஐஸ்கிரீமுக்கு வரிசையில் பொறுமையாக நிற்பார்கள். இந்த வீட்டுக்குள் வந்ததும் கவச உடையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, "வீடுதானே, இதற்கா இவ்வளவு பணம்" என்று முணுமுணுத்தபடி வெளியேறுவார்கள். அவர்களோடு போகாதீர்கள்.

அந்த வீட்டின் கதை அவர்களுக்குத் தெரியாது. 1583இல் போர்த்தலைவர் மாயெதா தொஷிஇயே கனாசவா கோட்டைக்குள் நுழைந்தபோது உடன் வந்த நொமுரா தென்பேயின் வழியினர், ஆயிரம் கொக்குவுக்கு மேல் அரிசி மானியம் பெற்றுத் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தார்கள்; ஒரு கொக்கு என்பது ஓர் ஆளுக்கு ஓராண்டு உணவு. சாமுராய்களின் காலம் முடிந்து வந்த மெய்ஜி ஆட்சியில் மானியம் நின்றது, மனை கைமாறியது, வீடும் இடிக்கப்பட்டது. மதிலும் தோட்டத்தின் ஒரு பகுதியுமே மிஞ்சின. இன்று நீங்கள் வியந்து பார்க்கப் போகும் சைப்ரஸ் மர உட்கூரை கொண்ட உயர்மேடை அறை, ஹஷிதாதே ஊரின் பெருவணிகர் குபோ ஹிகோபேயின் மாளிகையிலிருந்து ஷோவா காலத் (1926–1989) தொடக்கத்தில் பெயர்த்துக் கொண்டுவந்து பொருத்தப்பட்டது. சாமுராயின் மனையில் வணிகரின் அறை நிற்பதை நான் குறையாக நினைக்கவில்லை; பெயர்த்து நட்டாலும் வேர்விடலாம் என்று நம்மைப் போன்றவர்களுக்குத் தோன்றத்தான் செய்யும்.

தோட்டம் சிறியதுதான். ஆனால் ஓடைநீர் திண்ணையின் அடிவரை வந்து தொடுவதால், விளிம்பில் உட்கார்ந்தால் கெண்டை மீன்கள் காலடியில் நீந்துவது தெரியும். 1.8 மீட்டர் உயரக் கல்விளக்கின் அகன்ற தொப்பியில் பனி படிந்து நிற்கும். அருகே நானூறு ஆண்டு பழமையான யமாமொமோ என்ற பழமரம் நிற்கிறது. கல்படிகளில் ஏறினால் தேநீர் அறை. பனி படிந்த கல் வழுக்கும், பார்த்து ஏறுங்கள். முதல் குளிர்காலத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்த நான், இப்போது பனி விழும் நாளாகப் பார்த்துத்தான் போகிறேன்.

வெளியே வந்ததும், டிசம்பரில் மண்மதில்களுக்குப் போர்த்தும் வைக்கோல் பாய்களைப் பாருங்கள். ஈரம் உறைந்து மண் பெயராமல் இருக்கவே அந்த ஏற்பாடு. நேரம் மிஞ்சினால் அதே தெருக்களில் காலாட்படை வீரர்களின் இரண்டு சிறு வீடுகள் இருக்கின்றன, அனுமதி இலவசம்.