ஃப்ரிட்ஜில் வைத்த தேனீ

அன்புள்ள ஐயா,

மூன்று மாதமாகத் தேனீக்களைப் படமெடுக்கிறேன். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருந்தும் பத்தில் ஒன்றுதான் தெளிவாக வருகிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா? பூச்சியை டப்பாவில் பிடித்துப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அசையாது என்கிறார் நண்பர். செய்யலாமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

லென்ஸ் அதுவே போதும். பத்தில் ஒன்று தேறினால் நல்ல நாள். பூச்சியை அதன் அசல் அளவுக்கே எடுக்கும்போது, லென்ஸ் துளையை எஃப் 11 வரை சுருக்கி வைத்தாலும் ஃபோகஸில் நிற்பது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். நீங்கள் மூச்சு விட்டாலே பூச்சியின் கண் அதிலிருந்து விலகிவிடும்.

ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். படித்ததும் கோபம்தான் வந்தது. மார்புத் தசை சூடாக இருந்தால்தான் தேனீயால் பறக்க முடியும். அந்தச் சூட்டைப் பிடுங்கிவிட்டு, காலை நகர்த்தக்கூட முடியாமல் கிடப்பதைத் தூக்கிப் பூமேல் வைத்து, ‘தேன் குடிக்கும் தேனீ’ என்று போடுவீர்களா? அது பொய் இல்லையா? பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் படத்திலேயே தெரிந்துவிடும். கால் பூவைப் பற்றியிருக்காது, நாக்கு உள்ளே போயிருக்காது.

அம்மா கொல்லையில் கத்தரி போட்டிருந்தார். கத்தரிப்பூவின் மகரந்தப்பைக்கு நுனியில் சின்னத் துளைதான் உண்டு, உலுக்கினால்தான் தூள் கொட்டும். நீலப்பட்டைத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். ரீங்காரம் சட்டென்று ஒரு கட்டை ஏறும். அம்மா திண்ணையில் இருந்தபடியே “வந்துட்டா பாரு” என்பார். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது.

நீலப்பட்டைத் தேனீ இனத்தின் ஆண்கள் ஐந்தாறு, அந்தியில் வேலியோரக் காய்ந்த குச்சிக்கு வரும். தாடையால் குச்சியைக் கவ்விக்கொண்டு அப்படியே தூங்கும். ஒருநாள் விடிவதற்கு முன்பே ட்ரைபாடோடு போய் உட்கார்ந்தேன். தேனீக்களின் முடியெல்லாம் பனித்துளி. ஒன்றும் அசையவில்லை, எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். வெயில் பட்டதும் ஒன்றுக்கு உணர்கொம்பு நிமிர்ந்தது. அப்புறம் உடம்பு நடுங்கியது, தசையைச் சூடேற்றுகிறது. தாடையை விட்டது, போய்விட்டது. நான் க்ளிக் செய்யவே மறந்துபோனேன்.

உங்கள் பக்கம் துளசியோ கத்தரியோ பூத்திருந்தால், இன்று இருட்டுவதற்குள் சுற்றியுள்ள காய்ந்த குச்சிகளைப் பாருங்கள். தேனீ இருந்தால் குச்சியை ஒடித்துவிடாதீர்கள். நாளையும் பெரும்பாலும் அதற்கேதான் வரும்.